மழைக்காலத்துல கிட்டார் ஆக்ஷன் ஏறிடுச்சா? சேடில தேய்க்கிறதுக்கு முன்னாடி இதப் படிங்க

நம்ம டெல்டா பக்கம் ஐப்பசி கார்த்திகை வந்துட்டாலே அக்கூஸ்டிக் கிட்டார்ல ஆக்ஷன், அதாவது பிரெட்டுக்கு (விரல் பலகைல குறுக்க இருக்கற கம்பி) மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம், ஏறி ஸ்ட்ரிங் தூக்கிக்கிட்டு நிக்கும், எஃப் கார்டு பிடிச்சா விரல்ல உயிர் போகும். ஈரத்துல முன்பலகை உப்பி அது மேல ஸ்ட்ரிங் மாட்டியிருக்கற பிரிட்ஜையும் சேர்த்து தூக்கிடுது, அவ்ளோதான் விஷயம். அதனால அடைமழைல சேடில (பிரிட்ஜ்ல சொருகி ஸ்ட்ரிங்க தாங்குற சின்னப் பட்டை) தொடாதீங்க, இப்ப தேய்ச்சுட்டா சித்திரை வெயில்ல பலகை இறங்கினதும் ஸ்ட்ரிங் பிரெட்ல பட்டு ஜிர்ருன்னு அடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு பெட்டிய மூடி வைங்க, தை மாசில வேலைய ஆரம்பிங்க.

மொதல்ல சரியா டியூன் பண்ணிட்டு 12வது பிரெட்டோட உச்சிக்கும் ஸ்ட்ரிங்கோட அடிப்பக்கத்துக்கும் நடுவுல ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளங்க. 6வது ஸ்ட்ரிங் 2.5 மிமீ, 1வது 1.8 மிமீ பக்கம் இருந்தா வாசிக்க சுகமா இருக்கும்.

அடுத்து நெக், அதாவது கிட்டாரோட கழுத்து. 6வது ஸ்ட்ரிங்க 1வது பிரெட்லயும் 14வது பிரெட்லயும் அமுக்கிட்டு 7வது பிரெட் கிட்ட பாருங்க, ரெண்டு ஏ4 பேப்பர் நுழையிற இடைவெளி, அதாவது 0.2 மிமீ போதும். அதிகமா இருந்தா ட்ரஸ் ராட (நெக்குக்குள்ள ஓடுற கம்பி) வலப்பக்கமா கால் சுத்து மட்டும் முறுக்கி திரும்ப டியூன் பண்ணி பாருங்க, இறுகிப்போய் சுத்தலன்னா பலம் காட்டாதீங்க. ஆக்ஷன இறக்கவே ட்ரஸ் ராட முறுக்குறாங்க நெறைய பேரு, அது தப்பு, அது நெக்கோட வளைவுக்கு மட்டும்தான்.

தஞ்சாவூர் வீணைல பிரெட்டு, அதாவது மெட்டு, மெழுகுலதான் உக்காந்திருக்கு, உயரம் மாத்தணும்னா மெழுகுல மெட்ட திரும்ப பதிச்சு மேளம் கட்டிக்கலாம். கிட்டார்ல பிரெட்ட மரத்துலயே இறக்கிட்டாங்க, அதனால நமக்கு சேடில்தான் வழி. 12வது பிரெட்ல எவ்ளோ இறங்கணுமோ அதுக்கு ரெண்டு மடங்கு சேடில்ல போகணும், 3.3 மிமீ இருக்கறத 2.5 ஆக்கணும்னா 1.6 மிமீ தேயணும். ஸ்ட்ரிங்க கழட்டி சேடில உருவுங்க, அடிப்பக்கத்துல பென்சில் கோடு போடுங்க, சமமான கண்ணாடி மேல உப்புத்தாள ஒட்டி சேடில செங்குத்தா பிடிச்சு ஒரே திசைல இழுங்க. கை சாஞ்சா அடி உருண்டையாயிடும், அப்புறம் பிரிட்ஜ்ல ஒழுங்கா உக்காராம சத்தம் செத்துப்போகும், சேடிலுக்கு அடியில பிக்அப் (சத்தத்த ஸ்பீக்கருக்கு அனுப்புற கருவி) வச்ச கிட்டார்னா ஒரு ஸ்ட்ரிங் சத்தமாவும் ஒண்ணு மெலிசாவும் கேக்கும். கோட்டுக்கு கொஞ்சம் முன்னாடியே நிறுத்தி, மாட்டி, டியூன் பண்ணி அளந்துட்டு மறுபடி தேய்ங்க.

பழைய சேடில அப்படியே எடுத்து வச்சுட்டு புதுசா ஒரு எலும்பு சேடில் வாங்கி அதுல தேய்க்கிறதுதான் என் சிபாரிசு, அடுத்த ஐப்பசில எது தோதோ அத மாட்டிக்கலாம்.