பாராட்ரான்ஸிட் வேனில் அப்பாயின்ட்மென்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர: அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை முதன்முறையாக பாராட்ரான்ஸிட் வேனில் (வழக்கமான பஸ்ஸில் போக முடியாத மாற்றுத்திறனாளிகளுக்காக, முன்பதிவு செய்தால் வரும் பொதுப் போக்குவரத்து வண்டி) அனுப்பப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நியூயார்க்கில் அக்சஸ்-எ-ரைடு, நியூஜெர்சியில் அக்சஸ் லிங்க், பாஸ்டனில் தி ரைடு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஆனால் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (ஏ.டி.ஏ.) வகுத்த அடிப்படை விதிகள் எல்லா ஊருக்கும் பொது. அம்மாவை டயாலிசிஸுக்கு இப்படித்தான் அனுப்பி வருகிறோம்.

இந்தச் சேவைக்குத் தகுதி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம் பற்றி ஒன்றே ஒன்று: முழு விண்ணப்பம் கொடுத்து 21 நாளில் பதில் வராவிட்டால், முடிவு தெரியும்வரை வண்டியைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டு வாங்குங்கள்.

படி 1: போன் செய்வதற்கு முன்

கூகுள் மேப்ஸில் போகிற இடத்தைப் போட்டு, பஸ் படத்தைத் தட்டி, சேர வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். நடை, காத்திருப்பு, பஸ் மாறுவது எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காரில் 20 நிமிடம்தானே, வேனில் ஏன் ஒரு மணி நேரம் என்று பலரும் கொதிக்கிறார்கள். வேன் வழியில் மற்றவர்களையும் ஏற்றி இறக்கும். அதன் பயண நேரத்தை ஒப்பிட வேண்டியது அதே பயணத்துக்கு ஆகும் பஸ் நேரத்தோடுதான், காரோடு அல்ல. பஸ்ஸில் 1 மணி 10 நிமிடம் ஆகிற இடத்துக்கு வேனிலும் அவ்வளவே ஆனால் புகார் எடுபடாது. அடிக்கடி இரண்டு மணி நேரம் சுற்றினால் கட்டாயம் எழுதிக் கொடுங்கள்.

படி 2: நேரம் சொல்வது

எங்களைத் தடுமாற வைத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போனை எடுப்பவர் "எத்தனை மணிக்கு பிக்கப்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். "10 மணிக்கு அப்பாயின்ட்மென்ட், 9.45க்குள் இறக்கிவிட வேண்டும்" என்று சொல்லுங்கள்.

பிக்கப் நேரம் மட்டும் கொடுத்தால், அந்த நேரத்தில் ஏற்றுவதோடு அவர்கள் கணக்கு முடிந்தது. நடுவில் இன்னும் இரண்டு பேரை ஏற்றி 10.20க்கு இறக்கினாலும் அவர்கள் பதிவில் அது சரியாக நடந்த பயணம். அப்பாயின்ட்மென்ட் நேரம் பதிவானால் இறக்கும் நேரத்துக்கும் கெடு வந்துவிடும். பிக்கப்பை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். 8.20 முதல் 8.50 வரை என்பதுபோல ஒரு விண்டோ, அதாவது வண்டி எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய நேர இடைவெளி, கிடைக்கும். (இந்த அகலம் ஊருக்கு ஊர் மாறும், 30 நிமிடம் பரவலான வழக்கம்.) போனை வைப்பதற்கு முன், அது அப்பாயின்ட்மென்ட் நேரமாகத்தான் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிளினிக் கதவு 9.30க்குத்தான் திறக்கும் என்றால் அதையும் சொல்லுங்கள். ஜனவரிக் குளிரில் பூட்டிய கதவுக்கு முன் வயதானவரை இறக்கிவிட்டுப் போவது ஏற்கவே முடியாத விஷயம்.

பேரம் பேச அவர்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் நீங்கள் கேட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே மட்டும். அதிலும் உங்கள் நிலைமையைப் பார்க்க வேண்டும். 5 மணிக்கு வேலை முடிகிறவரிடம் 4 மணிக்கு வண்டி என்று சொல்வது பேரமே இல்லை.

படி 3: திரும்பி வருவது

இங்கே கணக்கு நேர்மாறு: பிக்கப் நேரத்தைத்தான் கொடுக்க வேண்டும். டயாலிசிஸ் மெஷினிலிருந்து எடுக்கும் நேரத்தை நர்ஸிடம் கேட்டு, அதோடு 45 நிமிடம் கூட்டிக் கொடுங்கள். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க வேண்டும், சில நாள் பிரஷர் இறங்கி உட்கார வைத்துவிடுவார்கள். சில ஊர்களில் "வில் கால்" உண்டு, அதாவது முடிந்ததும் கூப்பிட்டால் வண்டி வரும். எனக்கு அது பிடிக்காது. எப்போது வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை, களைத்துப்போனவரை வைத்துக்கொண்டு காத்திருப்பது கொடுமை.

படி 4: அன்றைய தினம்

அலாரத்தை விண்டோ தொடங்கும் நேரத்துக்கு வையுங்கள். அதற்கு முன்பே டிரைவர் வந்து நின்றாலும் ஏறியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விண்டோவுக்குள் வந்துவிட்டால் பெரும்பாலான இடங்களில் 5 நிமிடம்தான் நிற்பார். விண்டோ முடிந்தபின் வந்து, நீங்கள் போகாமல் விட்டால் அதை நோ-ஷோ (புக் செய்துவிட்டு வராதவர்) என்று உங்கள் மேல் எழுதக் கூடாது. வந்த நேரம், வண்டி எண், இறங்கிய நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். புகார் கொடுக்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

புக் செய்ய நான் போனைத்தான் நம்புகிறேன். ஆப்பை, வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை (கமென்டில் வந்த கேள்விகளுக்கு)

ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் பெற்றோருக்குக் கிடைக்குமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு, முதல் பயணத்திலிருந்து 365 நாளுக்குள் 21 நாள் சேவை உண்டு. அதைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, பிரித்துப் பிரித்தும் போகலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

காலை வண்டி தவறினால் மாலை வண்டியும் தானாக ரத்தாகிவிடக் கூடாது. ஆனாலும் உடனே கூப்பிட்டு, திரும்பும் பயணம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூடப் போகிறவர் பற்றி: பராமரிப்பாளர் தேவை என்று தகுதிப் பதிவில் இருந்தால் அவருக்குக் கட்டணம் இல்லை. சும்மா துணைக்குப் போகிற ஒருவருக்கும் இடம் உண்டு, அவருக்குக் கட்டணமும் உண்டு. இருவரில் யார் போனாலும் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வண்டியில் அவருக்கு இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.