பிளவுபட்ட ஆட்சி நிர்வாகத்தைக் கெடுக்கிறதா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் அதிபர் ஒரு கட்சி, காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் (பிரதிநிதிகள் சபை, செனட்) ஓர் அவையோ இரண்டுமோ எதிர்க்கட்சியின் கையில் என்றால் அது பிளவுபட்ட ஆட்சி. அப்படி இருக்கும்போது நாடு ஒழுங்காக நடக்கிறதா, முடங்குகிறதா என்று ஆராய வருபவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். சறுக்கும் இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. எந்த ஆண்டில் எந்தக் கட்சி என்று பிழையாக எழுதுவது போன்றவை ஒரு முறை சரிபார்த்தால் போய்விடும்; அவற்றை விட்டுவிடலாம்.

சட்டங்களை எண்ணி மதிப்பெண் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. ஒவ்வொரு இரண்டாண்டுக் காங்கிரஸிலும் நிறைவேறிய பொதுச் சட்டங்களை எண்ணுவார்கள். பட்டை வரைபடம் ஒன்று வரைவார்கள். பட்டை குட்டையாக இருந்தால் முடக்கம், நெட்டையாக இருந்தால் நல்லாட்சி. வேலை முடிந்தது!

1947-48இல் இருந்த 80ஆவது காங்கிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதிபர் ட்ரூமன் ஜனநாயகக் கட்சி. இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சியிடம். 1948 தேர்தல் பிரசாரத்தில் ஊர் ஊராகப் போய், 'ஒன்றுமே செய்யாத காங்கிரஸ்' என்று ட்ரூமன் அதைத் திட்டினார். அந்தக் காங்கிரஸ் நிறைவேற்றியவை 906 பொதுச் சட்டங்கள். ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டமும், 1947இன் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் அதில் அடக்கம். தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை ட்ரூமனின் வீட்டோவையும் (மசோதாவை அதிபர் மறுக்கும் அதிகாரம்) மீறி நிறைவேற்றியது. 2011-12இல் இருந்த 112ஆவது காங்கிரஸும் பிளவுபட்டதுதான். அதன் எண்ணிக்கை 300ஐக் கூடத் தொடவில்லை. இரண்டும் ஒரே வகை ஆட்சி, எண்ணிக்கையில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அப்படியானால் உங்கள் பட்டை எதைக் காட்டுகிறது?

'ஒரு சட்டம்' என்ற அலகே நிலையானதல்ல என்பதைத்தான். ஒரு தபால் அலுவலகத்துக்குப் பெயர் சூட்டுவதும் ஒரு சட்டம். 2020 டிசம்பரில் வந்த செலவு ஒதுக்கீட்டுச் சட்டம் 5,593 பக்கம்; 12 துறை ஒதுக்கீடுகளும் கோவிட் நிவாரணமும் அதற்குள்ளேயே. அதுவும் ஒரே ஒரு சட்டம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும் பழக்கம் வளர வளர எண்ணிக்கை தானாகவே இறங்கும்.

அதற்காக முக்கியமானவற்றை மட்டும் எண்ணினால் சரியாகிவிடுமா? அரசியல் ஆய்வாளர் டேவிட் மேஹ்யூ அதைச் செய்தார். 1946 முதல் 1990 வரை 267 முக்கியச் சட்டங்களைப் பொறுக்கி எடுத்து, இரு வகை ஆட்சிக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று காட்டினார். நிக்சன் காலத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்: காங்கிரஸ் முழுக்க எதிர்க்கட்சியிடம் இருந்தும் 1970இல் தூய காற்றுச் சட்டம், 1972இல் அவரது வீட்டோவை மீறித் தூய நீர்ச் சட்டம். புதியவர்கள் இந்த முடிவைப் படித்ததும் 'பிளவு ஒரு பொருட்டே இல்லை' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். மேஹ்யூவின் கணக்கில் பின்னத்தின் தொகுதி இருக்கிறது, பகுதி இல்லை. பத்துச் சட்டம் நிறைவேறியது சரி. மேசைக்கு வந்தது பன்னிரண்டா, நாற்பதா? இன்னொரு ஆய்வாளர் சாரா பைண்டர் நியூயார்க் டைம்ஸ் தலையங்கங்களிலிருந்து அந்தந்தக் காலத்தில் பேசப்பட்ட பிரச்சினைகளைத் திரட்டி, அவற்றில் எத்தனை தீராமல் நின்றன என்று பார்த்தார். பிளவுபட்ட ஆட்சியில் முடக்கம் கூடியது. ஆனால் இரு அவைகளுக்கும் இடையே உள்ள கொள்கைத் தூரமும் முடக்கத்தைக் கூட்டியது.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் அந்தக் காலத்துப் பத்திரிகை போன்ற ஒரே மூலத்திலிருந்து பிரச்சினைப் பட்டியல். முடிவு தெரிந்த பிறகு பட்டியல் போட்டால் நிறைவேறியவைதான் 'முக்கியம்' என்று தோன்றும். ஆகவே சட்டப் பட்டியலை அதுவரை தொடாதீர்கள். பிறகு ஒவ்வொரு பிரச்சினைக்கும் நிறைவேறியதா இல்லையா என்று குறியுங்கள். நிறைவேறாததற்கு எங்கே நின்றது என்று அட்டவணையில் தனிப் பத்தி (நெடுவரிசை): குழுவிலா, பிரதிநிதிகள் சபையிலா, செனட்டில் விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பிலா, வீட்டோவிலா. இந்தப் பத்தி இல்லாத தரவை வைத்துக்கொண்டு பிளவைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

ஷட்டவுன் என்றால் பிளவு என்று எடுத்துக்கொள்வது

செலவு ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் மூடப்படுவதுதான் ஷட்டவுன். கிளிண்டன் காலத்தில் 1995-96இல் 21 நாள், ஒபாமா காலத்தில் 2013இல் 16 நாள். இரண்டும் பிளவுபட்ட ஆட்சி. கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. 2018 டிசம்பர் 22இல் தொடங்கி 35 நாள் நீண்ட ஷட்டவுன் தொடங்கியபோது அதிபர், இரு அவைகள் எல்லாமே குடியரசுக் கட்சியிடம். பிரதிநிதிகள் சபை 2019 ஜனவரி 3இல்தான் கைமாறியது. 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் நீண்டதும் அப்படியே, மூன்றும் ஒரே கட்சியின் கையில்.

காரணம் செனட்டின் 60. நூறு பேரில் 60 பேர் ஒப்பாவிட்டால் விவாதம் முடியாது. 2018இல் ஆளுங்கட்சிக்கு 51, 2025இல் 53. 'ஒரே கட்சிக் கட்டுப்பாடு' என்று நீங்கள் எழுதுவது பெரும்பாலான மசோதாக்களுக்குப் பாதிக் கட்டுப்பாடுதான். இந்த வரம்பும் எப்போதும் 60 அல்ல. 1975க்கு முன்பு மூன்றில் இரண்டு பங்கு.

விதிவிலக்கு, 1974 பட்ஜெட் சட்டம் தந்த ரீகன்சிலியேஷன் வழி. வரி, செலவு சார்ந்தவை அதில் சாதாரணப் பெரும்பான்மையில் தப்பிவிடும். 2017இன் வரிக்குறைப்பு, 2021இன் கோவிட் நிவாரணம், 2022இன் பருவநிலைச் செலவுகள் எல்லாம் இந்த வாசலில் வந்தவை. மூன்றும் ஒரே கட்சியிடம் இருப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான், அதையும் உறுதி என்று எண்ண வேண்டாம். 2017 ஜூலையில் ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்க இதே வழியில் வந்த முயற்சி 49-51 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் மூவர் சொந்தக் கட்சியினர்.

இரண்டாண்டை ஒரே கட்டமாக நிரப்புவது

107ஆவது காங்கிரஸை எப்படிக் குறிப்பீர்கள்? 2001 ஜனவரியில் செனட் 50-50. 20ஆம் தேதி வரை துணை அதிபர் கோரின் வாக்கால் ஜனநாயகக் கட்சிக்கு, அதன்பின் செய்னியின் வாக்கால் குடியரசுக் கட்சிக்கு. வெர்மான்ட் செனட்டர் ஜெஃபர்ட்ஸ் கட்சியை விட்டு விலக, ஜூன் 6 முதல் மீண்டும் ஜனநாயகக் கட்சிக்கு. புஷ்ஷின் வரிக்குறைப்பு காங்கிரஸில் நிறைவேறியது மே 26. அவர் கையெழுத்திட்டது ஜூன் 7. கையெழுத்துத் தேதியை வைத்தால் அது பிளவுபட்ட ஆட்சியின் சட்டமாகிவிடும்! இறுதி வாக்கெடுப்புத் தேதியை வையுங்கள், எல்லாவற்றுக்கும் அதையே.

எந்த அவை என்று கேட்காமல் இருப்பது

நீதிபதி நியமனத்தில் பிரதிநிதிகள் சபைக்கு வேலையே இல்லை. 2016 மார்ச்சில் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை விசாரிக்கக்கூட எதிர்க்கட்சி செனட் மறுத்தது. 2020இலும் ஆட்சி பிளவுபட்டதுதான், ஆனால் செனட் அதிபர் கட்சியிடம். ஏமி கோனி பேரட் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு 52-48இல் உறுதியானார். பெயரளவில் ஒரே வகை ஆட்சி, முடிவு நேர்மாறு.

அதிபரின் செல்வாக்கு சதவீதத்தை அளவுகோலாக்குவது

அது கருத்துக்கணிப்பு.

பங்குச்சந்தை

வேண்டாம்.

ஒரே நேரத்தில் மாறிய இன்னொன்றைப் பார்க்காமல் விடுவது

மாநிலங்களைச் சேர்த்தால் தரவு பெருகும், பொறிகளும் பெருகும். நெப்ராஸ்காவின் சட்டமன்றம் ஓரவை, கட்சி அடையாளம் இல்லாதது. 50இல் அதைக் கழித்துவிடுங்கள்.

பெரிய பொறி கலிபோர்னியா. ஆளுநர் ஸ்வார்ஸ்நெகர் குடியரசுக் கட்சி, சட்டமன்றம் ஜனநாயகக் கட்சி. 2009 ஜூலையில் பணமில்லாமல் மாநிலம் கடன்சீட்டு கொடுத்தது. 2010 பட்ஜெட் கையெழுத்தாக 100 நாள் தாமதம். 2011 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் ஜெர்ரி பிரவுன் ஆளுநராக வந்தார், ஆட்சி முழுக்க ஒரே கட்சி, பட்ஜெட் நேரத்துக்கு வந்தது. பிளவு போனது, நோய் தீர்ந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கும்.

2010 நவம்பரில் வாக்காளர்கள் 25ஆம் முன்மொழிவை நிறைவேற்றியிருந்தார்கள். பட்ஜெட்டுக்குத் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு சாதாரணப் பெரும்பான்மையாக இறங்கியது. ஜூன் 15 தாண்டினால் உறுப்பினர்களுக்குத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் கிடையாது. கட்சியும் விதியும் சில வார இடைவெளியில் மாறிவிட்டன. இந்த ஒரு மாநிலத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. ஒரே கட்சி என்பதால் சண்டை ஓய்ந்துவிடவும் இல்லை. 2011 ஜூன் 16 அன்று பிரவுன் தன் கட்சி அனுப்பிய பட்ஜெட்டை முழுதாக வீட்டோ செய்தார்.

அப்படியே இங்கே தூக்கி வருவது

மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் வேறு கட்சி என்பது இந்த வகையே அல்ல; அது இரண்டு அரசுகளுக்கு இடையிலான உறவு. இந்தியாவில் இதற்கு நெருக்கமானது, ஆளும் கூட்டணிக்கு மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாத நிலை. அங்கும் பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்கு மேல் தாமதிக்க முடியாது, ஷட்டவுனுக்கு வழியில்லை. சாதாரண மசோதாவுக்குக் கூட்டுக் கூட்டம் உண்டு: மாநிலங்களவை நிராகரித்த பொடா 2002 மார்ச்சில் அப்படித்தான் நிறைவேறியது.

உண்மையான பிளவு இலங்கையில் நடந்தது. 2001 டிசம்பர் முதல் ஜனாதிபதி சந்திரிகா ஒரு கட்சி, பிரதமர் ரணில் எதிர்க்கட்சி. 2002 பிப்ரவரிப் போர்நிறுத்த ஒப்பந்தம் பிரதமர் கையெழுத்தில் வந்தது. 2003 நவம்பரில் ரணில் வாஷிங்டனில் இருந்தபோது பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளை ஜனாதிபதி எடுத்துக்கொண்டார். 2004 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தையே கலைத்தார். அமெரிக்க அதிபருக்கு அந்த ஆயுதம் இல்லை. ஆகவே இலங்கையைத் தரவில் சேர்த்தால் கலைப்பு அதிகாரத்துக்குத் தனிப் பத்தி தேவை. அதிலும் ஒரே மதிப்பைப் போட்டுவிடாதீர்கள். அப்போது தேர்தல் முடிந்து ஓராண்டில் கலைக்கலாம், 2015இன் 19ஆம் திருத்தத்துக்குப் பின் நாலரை ஆண்டு, 2020இன் 20ஆம் திருத்தத்துக்குப் பின் இரண்டரை ஆண்டு.