அரசு வெளியிடும் தரவை எல்லோருக்கும் புரியும்படி ஆக்குவது எப்படி? (எக்செல் தெரிந்தால் போதும்)

திறந்த தரவு என்று அரசுத் தளங்களில் எக்கச்சக்கமான ஃபைல்கள் கிடக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கித் திறந்தால்தான் தெரியும், நாற்பது பத்தி, நாலாயிரம் வரிசை, தலைப்பில் ‘மொ.செ.கு.’ என்று ஏதோ ஒன்று. இதைப் பார்த்ததும் பலர் மூடிவிடுவார்கள். அவர்களுக்கும் அந்த ஃபைலுக்கும் நடுவில் உட்கார்ந்து செய்கிற வேலைதான் இது. கோடிங் வேண்டாம்.

படி 1: முதலில் கேள்வி

ஃபைலைத் திறப்பதற்கு முன், யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடமே கேளுங்கள். “தண்ணீர் வசதி பற்றி எல்லாம் வேண்டும்” என்பது கேள்வி இல்லை. “எங்கள் வார்டில் எத்தனை குழாய், அதில் எத்தனை ஓடுகிறது?” என்பது கேள்வி. ஒன்று போதும்.

படி 2: அசலைத் தொடாதீர்கள்

நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். இறக்கிய தேதி, தளத்தின் முகவரி, உரிமம் என்ன சொல்கிறது, மூன்றையும் குறித்து வையுங்கள்.

படி 3: டபுள் கிளிக் வேண்டாம்

புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். சிஎஸ்வி ஃபைலை (தரவைக் காற்புள்ளிகளால் பிரித்து வைத்திருக்கும் வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்தால் தமிழ் எழுத்துகள் கிறுக்கலாக மாறலாம், அதைவிட மோசம், 0417 என்ற வார்டு எண் சத்தமில்லாமல் 417 ஆகிவிடும், அப்புறம் அதை இன்னொரு ஃபைலோடு பொருத்தினால் பொருந்தவே பொருந்தாது. அதனால் காலி எக்செலைத் திறந்து, ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். எழுத்துக்குறியீடு யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிய இதுதான் வேண்டும்), எண் குறியீடுகள் உள்ள பத்தியின் வகை ‘டெக்ஸ்ட்’. எக்செலுக்குப் பதிலாக இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் என்றால் திறக்கும்போதே இதையெல்லாம் கேட்டுவிடும்.

இன்னொன்று, பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) வடிவத்தில் சேமிக்காதீர்கள். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் சுமார் 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் வராமல் போனதற்கு இந்த வரம்புதான் காரணம் என்று அப்போது செய்தி வந்தது. அரசுக்கே இந்தக் கதி.

படி 4: காலிக் கட்டமும் பூஜ்யமும்

0 என்றால் எண்ணிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. காலி என்றால் எண்ணினார்களா என்றே தெரியாது. காலியை 0 ஆக்கிவிட்டால் யாரும் போய்ப் பார்க்காத வார்டு குழாயே இல்லாத வார்டாகிவிடும். தகவல் இல்லை என்பதற்கு அடையாளமாகப் போடும் ‘-’, ‘999’ போன்றவை இருந்தால் கூட்டுவதற்கு முன்பே கவனியுங்கள், ஒரே ஒரு 999 மொத்தத்தையே கவிழ்த்துவிடும். ஊர்ப்பெயர்களுக்கு ஒரு பிவட் டேபிள் (ஒரே பெயரில் உள்ள வரிசைகளை ஒன்றாகத் திரட்டிக் காட்டும் எக்செல் வசதி) போடுங்கள், ஒரே ஊர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று வரிசையாக வந்து நிற்கும். திருத்தியதை எல்லாம் தனி ஷீட்டில் எழுதி வையுங்கள்.

படி 5: தலைப்புகளை மனிதர் மொழிக்கு மாற்றுங்கள்

‘மொ.செ.கு.’ என்பதை ‘இப்போது தண்ணீர் வரும் குழாய்கள்’ என்று எழுதுங்கள். தரவுடன் வரும் விளக்கக் கோப்பில் பார்த்துதான் எழுத வேண்டும், ஊகம் கூடாது. கேள்விக்குச் சம்பந்தமில்லாத பத்திகளை மறைத்துவிடுங்கள்.

படி 6: வாக்கியம், அட்டவணை, அப்புறம்தான் வரைபடம்

“இந்த வார்டில் 20 குழாய்களில் 13 ஓடுகின்றன” என்று மேலே பெரிதாக எழுதுங்கள். கீழே சின்ன அட்டவணை. டாஷ்போர்டு (பல வரைபடங்களை ஒரே திரையில் காட்டும் பக்கம்) ஆசை எனக்கும் உண்டு, ஆனால் பார்ப்பவர் கையில் இருப்பது போன், அதில் அது ஓட்டைக்குள் ஊரைப் பார்ப்பது மாதிரி. படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தேதியும் மூலமும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அதே படம் மூன்று வருஷம் கழித்தும் ‘இன்றைய நிலவரம்’ என்று சுற்றும். நோய், உதவித்தொகை மாதிரி விஷயங்களில் ஒரு வரிசையில் ஒன்றிரண்டு பேர்தான் என்றால் அந்த எண்ணைப் போடாதீர்கள், யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

படி 7: கொடுத்துவிட்டு வாயை மூடுங்கள்

கேள்வி கேட்டவரிடமே போனைக் கொடுத்து, பதிலைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுக்கும், சொல்லாதீர்கள். அவர் தடுமாறுகிற இடத்தில் அடிக்குறிப்பு சேர்க்காமல் அந்தச் சொல்லையே மாற்றிவிட்டு, இதுவரை பார்க்காத இன்னொருவரிடம் கொடுங்கள்.