பூட்டியது யார் என்று முதலில் பாருங்கள்

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையில் அரசு போட்ட தடையால் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒன்பது நாள் முடங்கியிருந்தன. சாவகச்சேரியில் இருக்கும் என் சித்தப்பா போன்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்து வட்ஸ்அப்பை அழித்து மறுபடி போடப் பார்த்தார். தடை இருக்கும்போது அது எப்படித் திரும்பி வரும்? கனடாவில் இருக்கும் மகள் அனுப்பிய குரல்பதிவுகளை அவர் வேறெங்கும் சேமித்து வைத்திருக்கவில்லை. எல்லாம் போய்விட்டன.

ஒன்று திறக்கவில்லை என்றால் அதை மூடியது அரசா, அந்த நிறுவனமா, நாமே போட்டு வைத்த வடிகட்டியா என்று பார்க்காமல் கை வைப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. அரசுத் தடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வங்கியின் இணையத்தளம் திறக்கிறது, வட்ஸ்அப் மட்டும் இல்லை. கொழும்பில் இருக்கும் தம்பிக்கும் இல்லை, லண்டனில் இருக்கும் அக்காவுக்கு இருக்கிறது. அப்படியென்றால் போனில் பிழை இல்லை. எதையும் அழிக்காமல் விடுங்கள். 2018 மார்ச்சில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போதும் இப்படித்தான் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கோடு வந்த தடை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

தடை வந்தவுடன் கைக்கு அகப்பட்ட இலவச விபிஎன் (வேறொரு கணினி வழியாகச் சுற்றிப்போய்த் தடையைத் தாண்ட உதவும் செயலி) ஒன்றை இறக்குவது அடுத்த தவறு. விபிஎன் போட்டால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் இணைய நிறுவனத்துக்குத் தெரியாது, சரி. ஆனால் அது விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். யார் நடத்துகிறார்கள், எதில் சம்பாதிக்கிறார்கள் என்று தெரியாத செயலியைப் போட்டுக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். தேவைப்படும் என்று நினைத்தால், ஆறுதலாக விசாரித்து நல்லதொன்றை இப்போதே போட்டு வையுங்கள்.

கார்த்திகை மாதத்தில் வேறு கதை. போரில் இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் படமொன்று பேஸ்புக்கில் காணாமல் போகும். உடனே 'அரசாங்கம் தூக்கிவிட்டது' என்பார்கள். பெரும்பாலும் அது அந்த நிறுவனத்தின் சொந்த விதி. தான் ஆபத்தானவை என்று பட்டியலிட்ட அமைப்புகளின் சின்னங்களையும் படங்களையும் அது உலகம் முழுவதும் நீக்குகிறது. புலிகள் இயக்கமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கோபத்தில் அதே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கே முடங்கும். மறுபரிசீலனை கேட்க அங்கேயே வழி இருக்கிறது. அப்புறம், நிறுவனம் விட்டுவைத்ததால் சட்டமும் விட்டுவிடும் என்று நம்பாதீர்கள். பேஸ்புக் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்கள் இருக்கிறார்கள். 2024இல், இணையத்தில் போடும் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது.

பொய்யும் வெறுப்பும் பரவும்போது 'எல்லாவற்றையும் மூடினால் நல்லது' என்று நம் ஆட்களே சொல்வதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. 2018 கண்டி வன்முறையின்போது வெறுப்புப் பதிவுகளைத் தடுக்கத் தவறியதற்குப் பேஸ்புக் 2020இல்தான் வருத்தம் தெரிவித்தது. அந்தப் பொறுப்பை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். 2007இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, தமிழர் செய்தித் தளமான தமிழ்நெற் இலங்கைக்குள் முடக்கப்பட்டதை மறந்துவிட்டோமா? செய்தி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில்தான் அது மூடப்பட்டது.

வேண்டாததை மறைக்க நீங்களே போடும் வடிகட்டியில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. விபத்து வீடியோக்களைப் பார்த்து அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கிறது என்று ரிக்ரொக்கில் 'விபத்து' என்ற சொல்லைத் தடுத்து வைத்தேன். 'விபத்தில்', 'விபத்துக்குள்ளான' என்று வந்தவை தாராளமாக உள்ளே வந்தன. நம் சொல் வேற்றுமை ஏற்று உருமாறுவது அதற்குப் புரியவில்லை. எழுதிய வடிவத்தை மட்டும் தேடியது. ஆகவே நாலைந்து வடிவங்களையும், ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களின் எழுத்துக்கூட்டலையும் சேர்த்துப் போடுங்கள். அப்போதும் கொஞ்சம் தப்பி வரும்.

ஆட்களை வடிகட்டும்போது அவசரம் வேண்டாம். எரிச்சலூட்டும் மச்சானை நட்பிலிருந்து நீக்கினால், நல்லூர்த் திருவிழாவில் கண்டவுடன் 'ஏன் நீக்கினாய்?' என்று கேட்பார். பேஸ்புக்கில் ஒருவரின் பதிவுகளை 30 நாள் மறைத்து வைக்கலாம். அது அவருக்குத் தெரியவராது. அந்த 30 நாள் முடிந்ததும் அவர் என்ன சொல்கிறார் என்று ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள்.