பூசணிப் பிஞ்சு வெம்பி உதிர்கிறதா?

மாடித் தோட்டத்தில் பூசணிக் கொடி நிறையப் பூத்தும் பிஞ்சுகள் சில நாட்களிலேயே மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தால், பலரும் உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிடுகிறார்கள். பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை, தேனீ வராததில்தான் இருக்கிறது. பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கின்றன. மகரந்தமோ கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால் காற்றில் பறக்காது, தேனீதான் அதைச் சுமந்து செல்ல வேண்டும்.

பூக்கள் விடியலில் விரிந்து முற்பகலிலேயே கூம்பிவிடும் ஆகையால், காலை 9 மணிக்குள், மெல்லிய நீண்ட காம்புடைய ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டில் உள்ள மஞ்சள் தூளை, அடியில் குட்டிப் பிஞ்சோடு நிற்கும் பெண் பூவின் சூல்முடியில் (பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் பகுதி) மெதுவாகத் தடவுங்கள். ஆண் பூவின் நடுத்தண்டைத் தொட்டுப் பார்த்தால் விரலில் மஞ்சள் ஒட்ட வேண்டும்; ஒட்டாவிட்டால் வேறு ஆண் பூவைத் தேடுங்கள். (சுரையும் பீர்க்கும் மாலையில் விரிபவை, அவற்றுக்கு இதை அந்தியில் செய்ய வேண்டும்.)

இது தற்காலிகக் கைவைத்தியம்தான். தேனீயே வர வேண்டுமென்றால், தொட்டிகளுக்கு நடுவே துளசியைக் கதிர் கிள்ளாமல் பூக்க விடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட, தேனீக்கள் கூடு திரும்பிய பின், மாலையில் மட்டுமே தெளியுங்கள்.