கிணற்றுத் தண்ணீர் ஏறும் கீசரைக் கழுவும் முறை

திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோர வீடுகளில், கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் கிணறு இறங்க இறங்கத் தண்ணீரில் உவர் கூடும். கீசரைத் தேடுவதோ மாரி தொடங்கிய பிறகுதான். அதனால் புரட்டாதியில் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். சுவரில் மாட்டும் 30, 50 லீற்றர் மின்சாரக் கீசருக்கான முறை இது.

கீசர் சுவிட்சோடு நிற்காமல் போர்டில் பிரேக்கரையும் இறக்குங்கள். சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து, குளிர்ந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். பிறகு கீசருக்குப் போகும் வால்வைப் பூட்டுங்கள். சுடுதண்ணீர்ப் பைப் திறந்தே இருக்கட்டும். அதன் வழியாகக் காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் இறங்காது. குளிர்நீர் ஏறும் இடத்தில் உள்ள பாதுகாப்பு வால்வின் வாயில் ஹோஸ் மாட்டி, அதன் நெம்புகோலைத் தூக்கினால் தாங்கி வடியும். பாதி நிரப்பி மறுபடி வடியுங்கள். கலங்கல் நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். தாங்கியின் இரும்பைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பி. இரும்புக்குப் பதிலாக அது கரைகிறது. உவர்த் தண்ணீரில் இன்னும் வேகமாக. கீழ் மூடியின் நட்டுகளைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டோடு அதையும் வெளியே எடுங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ அதன் நடுவே ஓடும் மெல்லிய கம்பி தெரிந்தாலோ புதியது போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்வார்கள். உவர்க் கிணற்றுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதே நல்லது.

சூடேறும்போது கடகடவென்று சத்தம் வந்திருந்தால், எலிமெண்டில் படிவு ஏறிவிட்டது. மக்னீசியக் கம்பியைக் கழற்றிவிட்டு, வயர் பூட்டும் முனைகள் நனையாமல் எலிமெண்டை மட்டும் வினாகிரியில் சில மணிநேரம் ஊறவையுங்கள். கம்பியும் ஊறினால் அமிலம் அதைத் தின்றுவிடும். கத்தியால் சுரண்ட வேண்டாம். மேற்பூச்சில் கீறல் விழுந்தால் அங்கிருந்தே அரிப்புத் தொடங்கும்.

மூடிக்குப் புது வாசர் போட்டு, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எர்த் வயரை மறக்காமல் பூட்டுங்கள். சுடுதண்ணீர்ப் பைப்பில் காற்றில்லாமல் ஒரே சீராகத் தண்ணீர் வந்த பிறகே பிரேக்கரைப் போடலாம். வெறுந்தாங்கியில் எலிமெண்ட் சில நிமிடங்களில் எரிந்துபோகும்.

சூடேறும்போது பாதுகாப்பு வால்வு கொஞ்சம் சொட்டுவது பழுதல்ல. 30 லீற்றர் தண்ணீர் 25 பாகையிலிருந்து 60க்கு ஏறினால் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் விரியும். அது வெளியேற வேறு வழியில்லை. ஒழுகுகிறதே என்று அந்தத் துளையை ஒருபோதும் அடைக்காதீர்கள், தாங்கியே வெடிக்கலாம். கீழே ஒரு சிறு குழாய் மாட்டி வடிகாலுக்கு விடுங்கள்.