எண்ணூரில் சில மாதம் தங்கப் போகிறவர்கள் நட்பில் செய்யும் தவறுகள்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர். கணக்குப்படி அது சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலத்தில் வருகிறது. ஆனால் முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் என்று நடந்து பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி ஊர். காலையில் ஒரு தெருவில் நீங்கள் சொன்னது மாலைக்குள் கடைசி வீடு வரை போயிருக்கும்.

மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, துறைமுக வேலை, ஆற்றையும் அலையாத்திச் செடிகளையும் பற்றிய ஆய்வு என்று ஆண்டு முழுவதும் யாராவது வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் பொருத்திக்கொண்டு வருகிறவர்களும் ஒன்றிரண்டு பேர் உண்டு. நான் இங்கே நெடுங்காலமாகக் கள ஆய்வு செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்து நாலு பேரை அறிமுகப்படுத்துவதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. வருகிறவர்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. நான் வந்த புதிதில் செய்தவையும் ஏறக்குறைய இவையே. சிரித்த முகமாகப் பேசுங்கள், பெரியவர்களுக்கு மரியாதை கொடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எந்த ஊருக்குப் போனாலும் வேண்டியவை.

வெறும் மணல் என்று நினைப்பது

வேனில் வருகிறவர்கள் முதல் நாளே செய்யும் தவறு இது. கரையோரம் அகலமாக மணல் கிடக்கிறது, காற்று நன்றாக வருகிறது என்று வண்டியை அங்கே நிறுத்திவிடுகிறார்கள். அது படகை இழுத்து ஏற்றும் பாதை. வலையை விரித்துக் காயவைப்பதும், கிழிசல் பார்ப்பதும் அங்கேதான். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது நாலு பேர் படகைச் சுமந்துகொண்டு உங்கள் வண்டியைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அவர்கள் உங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேசவும் மாட்டார்கள்.

கிராம நிர்வாகிகள் யார் என்று கேட்டு, அவர்களைப் பார்த்து, எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதைச் சொல்லி இடம் கேளுங்கள். எங்கே நிறுத்தலாம், தண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்று அவர்களே காட்டுவார்கள். அந்த ஒரு சந்திப்பிலேயே ஊர் உங்களைப் பாதி ஏற்றுக்கொண்டுவிடும். விரித்த வலைமீது செருப்புக் காலோடு நடக்காதீர்கள்.

நேரம் தெரியாமல் கதவைத் தட்டுவது

ஆற்றில் தொழில் செய்கிறவருக்குக் கடிகாரத்தைவிட நீரின் ஏற்றவற்றம்தான் முக்கியம். இரவெல்லாம் இறாலுக்கு வலை வைத்துவிட்டு வந்தவர் பகல் பதினொரு மணிக்குத் தூங்குவார். அப்போது போய், “சும்மா பேசலாம் என்று வந்தேன், அண்ணா” என்று நிற்பது நட்புக்கு உதவாது. வெயில் தாழ்ந்த பிறகு, வலை பின்னிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கைகளுக்கு வேலை இருக்கும்போது பேச்சு தானாக நீளும். படகைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிறவரிடம் மட்டும் “எங்கே போகிறீர்கள்?” என்று கேட்காதீர்கள். தொழிலுக்குப் போகும்போது அந்தக் கேள்வி ஆகாது. திரும்பி வந்த பிறகு “மீன்பாடு எப்படி?” என்று கேட்டால் விரிவாகப் பதில் வரும்.

இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், எல்லோரும் ஓய்வாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு வருகிறார்கள். தடை விசைப்படகுகளுக்கு. சிறு படகுகளும் ஆற்றில் தொழில் செய்கிறவர்களும் அப்போதும் போகிறார்கள். காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்கிறவர் வீட்டில் இருப்பார் என்பது உண்மைதான், ஆனால் அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் கையிருப்பு குறைந்த காலம். அப்போது விருந்துக்குப் போய் உட்காராதீர்கள்.

கொடுத்த மீனுக்குக் காசு நீட்டுவது

குழம்புக்கு வைத்துக்கொள் என்று ஒருவர் கிழங்கானோ மடவையோ தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை எடுத்தால் அவர் முகம் சுருங்கிவிடும். பாத்திரத்தைத் திருப்பும்போது வெறுமையாகக் கொடுக்காதீர்கள். பழமோ முறுக்கோ போதும். ஆனால் கூடையில் விற்கிற அக்காவிடமும் ஏலம் விடும் இடத்திலும் பழக்கத்தைச் சொல்லி விலையைக் குறைக்காதீர்கள். அது அவர்களுடைய அன்றைய பிழைப்பு.

“நான் சொல்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்”

மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்வேன். இதை மட்டும் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்தக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்கள் வந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. ஆற்றுக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் துறைமுகம் திறந்தது. ஒவ்வொன்று வரும்போதும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்ற பேச்சும் கூடவே வந்தது. ஆற்றில் மீன் குறையக் குறைய அந்தப் பேச்சை நம்பத்தான் வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஊரில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து “எங்கள் கம்பெனியில் சொல்கிறேன்” என்றால் அந்தச் சொல்லின் கனமே வேறு. நீங்கள் முயன்று பார்க்கிறேன் என்ற அளவில் சொல்லியிருப்பீர்கள். கேட்ட வீட்டில் அன்று இரவே வேலை உறுதியாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரை நான் அழைத்துவந்தேன். கட்டுமான ஒப்பந்தத்தில் மேற்பார்வை வேலை. கத்திவாக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா என் பேச்சுக்காக அவருக்கு அறை பிடித்துக் கொடுத்தார். மாலைச் சாப்பாடு அக்காவின் தங்கை வீட்டில். அந்த வீட்டுப் பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அவர்கள் அன்பில் நெகிழ்ந்துபோன அந்த இளைஞர், “தம்பியின் சான்றிதழ் நகல்களைக் கொடுங்கள் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். மனதார நல்லது நினைத்துத்தான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஆளை வேலைக்கு எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவருடைய வேலையே அந்த ஒப்பந்தத்தோடு முடிகிற வேலை.

பையனுக்கு அப்போது மணலியில் ஒரு லாரிப் பட்டறையில் இடம் வந்திருந்தது. பெரிய கம்பெனி வேலை வரப்போகிறதே என்று அவன் அதை வேண்டாம் என்றான். வாரங்கள் போயின. இளைஞர் சாப்பாட்டுக்கு வருவதைக் குறைத்தார், பிறகு வேறு தெரு வழியாக அறைக்குப் போகத் தொடங்கினார். “இல்லை, என்னால் முடியவில்லை” என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். பட்டறையில் அதற்குள் வேறொரு பையனை எடுத்துவிட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் தெரிவதில்லை. போனவரை யாரும் தேடவில்லை, அக்காவைத்தான் கேட்டார்கள். அழைத்துவந்தவர் யார், அறை கொடுக்கச் சொன்னவர் யார் என்று தங்கை சண்டை போட்டார். கூடப்பிறந்தவர்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. இங்கே எந்தப் புதியவரும் தனியாக வருவதில்லை, ஒருவருடைய வாக்கில்தான் வருகிறார். நீங்கள் மீறும் சொல் அவர் தலையில் விழுகிறது. அடுத்த முறை நான் வேறொருவருக்கு அறை கேட்டபோது, “இப்போது எதுவும் காலியில்லை தம்பி” என்றார் அக்கா. எதிர்வீட்டு மாடியில் ‘வாடகைக்கு’ என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே வேலை பற்றிக் கேட்டால், “அந்த அதிகாரம் எனக்கு இல்லை” என்று கேட்ட அன்றே சொல்லிவிடுங்கள். அன்று கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும், மறுநாள் சாப்பாடு வழக்கம்போலக் கிடைக்கும். சான்றிதழ் நகலைக் கையில் வாங்காதீர்கள். வாங்குவதே வாக்குக் கொடுப்பதுதான். உதவ நினைத்தால் அங்கேயே முடிகிற உதவியாகச் செய்யுங்கள். தொழிற்பழகுநர் பயிற்சிக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டுமா, பையனோடு உட்கார்ந்து அன்றே பதிவு செய்து, பதிவு எண்ணை எழுதி அவன் கையில் கொடுங்கள். எடுத்த புகைப்படத்தைப் பிரதி போட்டுத் தருகிறேன், பாரிமுனையிலிருந்து மருந்து வாங்கி வருகிறேன் போன்ற சிறு வாக்குகளுக்கும் இதே விதிதான். சொன்னால் அந்த வாரத்துக்குள் செய்யுங்கள்.

எடுத்த எடுப்பில் எண்ணெய்க் கசிவைக் கேட்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. படகும் வலையும் கறுத்துப்போய், மக்களே குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் இரவில் அம்மோனியா கசிந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதையெல்லாம் கேமராக்களுக்கு முன் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போன மக்கள் இவர்கள். ஆய்வுக்காகவே வந்திருந்தாலும் முதல் மாதம் அதை எடுக்காதீர்கள். ஆற்றில் என்ன மீன் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். முன்பு கிடைத்தவற்றைப் பற்றி அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

கேரம் பலகையைச் சுற்றி

கூப்பிடும்வரை உட்காராதீர்கள். இங்கே ஆடுகிறவர்களைப் பொழுதுபோக்குக்காரர்கள் என்று எடைபோட வேண்டாம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண்.

ஊர்ச் சண்டையில் பக்கம் சேர்வது

வேண்டாம்.

கடன்

கொடுப்பதும் வாங்குவதும் முதல் மூன்று மாதம் வேண்டாம்.

சொல்லாமல் கிளம்புவது

கிளம்பும் நாளை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். டீக்கடைக் கணக்கை முடியுங்கள், வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுங்கள், கிராம நிர்வாகிகளிடம் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பதிலாக உங்கள் அலுவலகத்திலிருந்து இன்னொருவர் வரப்போகிறார் என்றால், அவரை நேராக அனுப்பாமல், உங்களுக்கு அறை பிடித்துக் கொடுத்தவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சரி என்ற பிறகு முகவரி கொடுங்கள்.